யன்னலால் வரும் சத்தமும் இரவு நித்திரையும்

நித்திரை வருவதில்லை என்று வருபவர்களிடம் நாம் கேட்கும் கேள்விகளில் ஒன்று, படுக்கையறை யன்னல் எந்தப் பக்கம் என்பது. பெரிய வீதியோரத்துத் தொடர்மாடிகளில் எம்மவர் பலர் வசிக்கிறார்கள். "அது பழகிவிட்டது டொக்டர்" என்பார்கள். காது பழகினாலும் உடல் முற்றாகப் பழகுவதில்லை. விழிக்காவிட்டாலும், லொறி போகும் சத்தத்துக்கு இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் சற்று ஏறி இறங்குகின்றன. இது ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் மாரடைப்பு அபாயம் கூடும். உலக சுகாதார ஸ்தாபனம் 2018இல் ஐரோப்பாவுக்கென வெளியிட்ட வழிகாட்டலில், இரவில் வீட்டின் வெளிப்புறத்தில் வாகன இரைச்சல் சராசரியாக 45 டெசிபலுக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது.

பலர் உடனே தடித்த திரைச்சீலை வாங்குகிறார்கள், சுவரில் ஃபோம் ஒட்டுகிறார்கள். முட்டை அட்டை ஒட்டியவர்களையும் நாம் அறிவோம். இத்தகைய நுண்துளையுள்ள பொருட்களில் ஒலி நுழையும்போது, துளைகளிலுள்ள காற்று இழைகளோடு உராய்ந்து, ஒலியின் சக்தி வெப்பமாக மாறுகிறது. அதனால் அறைக்குள் எதிரொலி குறையும். பிள்ளை மிருதங்கம் பழகும் அறைக்கு நல்லது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அதனால் பெரிய ஆறுதல் இல்லை! லொறியின் உறுமல் தாழ்ந்த ஒலி. 100 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் சுமார் 3.4 மீற்றர். அதற்கு இரண்டு சென்ரிமீற்றர் துணி எம்மாத்திரம்?

கண்ணாடி வேறு விதம். அதற்குள் ஒலி அதிகம் தேய்வதில்லை. அதன் பாரமே ஒலியைத் திருப்பி அனுப்புகிறது. தடிப்பை இரட்டித்தால் ஏறக்குறைய 5 டெசிபல் கூடுதலாகத் தடுக்கலாம். நடுவில் பிளாஸ்ரிக் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடி அதிர்வையும் அடக்கும். சாதாரண இரட்டைக் கண்ணாடி முக்கியமாகக் குளிருக்கானது. இடைவெளி குறுகியதால் தாழ்ந்த ஒலிக்குப் பெரிதாக உதவாது. இருக்கும் யன்னலுக்கு உட்புறமாக, 10 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேல் இடைவெளி விட்டு இன்னொரு யன்னல் பொருத்துவதே பயன்தரும். வாடகை வீடானால் முதலில் உரிமையாளரிடம் கேளுங்கள்.

செலவு குறைந்த வேலை ஒன்றும் உண்டு. யன்னல் விளிம்பின் றப்பர் பட்டியைப் பாருங்கள். காற்றுப் போகும் சிறு இடுக்கு வழியே சத்தமும் வரும், எவ்வளவு தடித்த கண்ணாடி போட்டாலும். ஆனால் காஸ் ஹீற்றர் உள்ள அறையில் காற்றோட்டத் துவாரங்களை ஒருபோதும் அடைக்காதீர்கள். காபன் மொனொக்சைட்டு உயிரைக் குடிக்கும்.

பின்பக்க அறை இருந்தால் கட்டிலை அங்கே மாற்றி இரண்டு கிழமை படுத்துப் பாருங்கள். நித்திரைக் குளிசையைப் பற்றி அதன்பிறகு உங்கள் வைத்தியரோடு பேசலாம்.