இழுவை வண்டிக்குக் கிளட்ச் மாற்றும் முன்



டீசல் வண்டி ஒன்றை நம்பியே நடக்கும் குடும்பங்கள் நம் ஜமாஅத்துகளில் நிறைய உண்டு. பழுதான கார்களைக் கட்டி இழுக்கும் ரெக்கவரி வண்டி, தண்ணீர் டேங்கையோ ஜெனரேட்டரையோ பின்னால் மாட்டி இழுக்கும் பிக்கப் போன்றவற்றில் அதிகம் அடி வாங்குவது கிளட்ச். கிளட்ச் போனால் வண்டி நிற்கும், வருமானமும் நிற்கும், ஃபைனான்ஸ் தவணை மட்டும் நிற்காது. அந்த அவசரத்தில் வட்டிக்கு வாங்கி, கடையில் கொடுத்ததை மாட்டிக்கொண்டு கிளம்பினால், ஆறு மாதத்தில் அதே வேலை திரும்பி வரலாம். முதல் கடன் தீரும் முன் இரண்டாவது கடன் சேர்ந்துவிடும். எனவே பணத்தைக் கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே தருகிறோம்.

போனது கிளட்ச்தானா?

ஆக்ஸிலேட்டரை மிதித்தால் என்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது என்று பொருள். சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, முன்னால் ஆள் இல்லாமல் பார்த்துக்கொண்டு, மூன்றாவது அல்லது நான்காவது கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். என்ஜின் அணைந்துவிட வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் ஸ்லிப் உறுதி. இதை ஒரு முறை செய்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கும் பிளேட்டும் கருகும்.

ஸ்லிப் ஆவதாலேயே பிளேட் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. கேபிள் கிளட்ச் உள்ள வண்டியில் பெடலின் ஃப்ரீ பிளே இல்லாமல் போனாலும் ஸ்லிப் ஆகும். அதைச் சரிசெய்யச் சில நிமிடங்கள் போதும். என்ஜின் பின்பக்க ஆயில் சீலோ கியர் பாக்ஸ் சீலோ கசிந்து பிளேட்டில் எண்ணெய் பட்டாலும் ஸ்லிப் ஆகும். சீலை மாற்றாமல் புதுக் கிளட்ச் போட்டால் அதுவும் எண்ணெயில் நனைந்து வீணாகும். கியர் விழுவதில் மட்டும் சிரமம் என்றால், மாஸ்டர் சிலிண்டரையும் கீழே உள்ள ஸ்லேவ் சிலிண்டரையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

இழுவை கிளட்சை என்ன செய்கிறது?

இழுவை வண்டி என்றால் பெரிய பவர் தாங்கும் கிளட்ச் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். என்ஜின் தரும் முறுக்கு விசை 200 நியூட்டன் மீட்டர் என்றால், பின்னால் எதைக் கட்டினாலும் அது 200தான். கம்பெனி கிளட்ச் அதைவிடக் கூடுதலாகத் தாங்கும்படியே செய்யப்பட்டிருக்கும். இழுவையால் கூடுவது, வண்டியை நிலையிலிருந்து நகர்த்தும்போது பிளேட்டில் உண்டாகும் சூடு.

ஒரு கணக்குப் பாருங்கள். 3 டன் வண்டி 2 டன் காரைக் கட்டி இழுத்தால் மொத்தம் 5 டன். சமதளத்தில் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கிளட்சில் உண்டாகும் சூடு ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் ஆகிறது. அதே சுமையோடு இரண்டாவது கியரில் கிளம்பினால் என்ன ஆகும்? கிளட்ச் முழுதாகப் பிடிக்கும்போது வண்டியின் வேகம் முதல் கியரைவிட 1.8 மடங்கு என்று வைத்துக்கொண்டால், சூடு 1.8 பெருக்கல் 1.8, அதாவது மூன்று மடங்குக்கு மேல். சுமை செய்யும் கெடுதியைவிட, தப்பான கியர் செய்யும் கெடுதி பெரிது. ஏற்றத்தில் பிரேக் போடாமல் ஹாஃப் கிளட்சிலேயே வண்டியை நிறுத்தி வைப்பதும் இப்படித்தான்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. டீசல் பம்பைக் கூட்டியோ கம்ப்யூட்டரில் செட்டிங் மாற்றியோ என்ஜின் பவரை ஏற்றியிருந்தால், முறுக்கு விசையே கூடிவிடும். அந்த வண்டியில் கம்பெனி கிளட்ச் நிற்காது. அப்போது கிளட்சை மாற்றுவதைவிட பம்பைப் பழைய அளவுக்குக் கொண்டுவருவதே செலவு குறைந்த வழி.

எந்த வகை பிளேட்?

சாதாரணமாக வருவது ஆர்கானிக் லைனிங். மெதுவாகப் பிடிக்கும், உதறாது. ஆனால் அளவு மீறிய சூட்டில் கருகும். செராமிக் பட்டன் பிளேட் அதிகச் சூடு தாங்கும். ஆனால் வெடுக்கென்று பிடிக்கும். பழுதான காரைக் கட்டிக்கொண்டு குறுகிய தெருவில் அங்குலம் அங்குலமாக ரிவர்ஸ் எடுப்பவருக்கு அது பெரும் தொல்லை. வண்டி உதறும், கயிறோ கொக்கியோ வெட்டி இழுபடும், ஃப்ளைவீலும் சீக்கிரம் தேயும். கெவ்லர் கலந்த பிளேட் மென்மையாகப் பிடித்து நீடித்து உழைக்கும். ஆனால் விலை கூடுதல், பழகுவதற்கும் நாள் பிடிக்கும்.

அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட்டுக்கும் ஒரு விலை உண்டு. பெடல் கனக்கும், நாள் முழுதும் ஓட்டுபவரின் இடது முழங்கால் வலிக்கும், மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் த்ரஸ்ட் பேரிங்கில் சுமை ஏறும். ஆகவே பவர் ஏற்றாத வண்டிக்கு, கம்பெனி அளவிலேயே நல்ல தரமான ஆர்கானிக் செட் போதும்.

வாங்கும்போது

வண்டிப் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு பிளேட்டின் அளவு மாறியிருக்கும். சேஸிஸ் நம்பர், என்ஜின் நம்பர் சொல்லிக் கேளுங்கள். பழைய பிளேட்டை எடுத்துச் சென்று விட்டத்தையும் நடுவில் உள்ள ஸ்ப்லைன் பற்களின் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள்.

பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து செட்டாக மாற்றுங்கள். பைலட் பேரிங் இருந்தால் அதையும். கியர் பாக்ஸ் இறக்கும் கூலி ஒன்றுதான். பேரிங்கில் மிச்சம் பிடித்தால், அது சத்தம் போடும் நாளில் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டும்.

ரீ-லைனிங் பிளேட் மலிவு. ஆனால் லைனிங் மட்டுமே புதிது. நடுவில் உள்ள ஸ்பிரிங்கும் ஸ்ப்லைனும் பழையவை. இழுவை வண்டிக்கு அது வேண்டாம். போலிச் சரக்கும் நடமாடுவதால் சீல் உடையாத பெட்டியும் பில்லும் கேட்டு வாங்குங்கள்.

ஃப்ளைவீலையும் உங்கள் கண்ணால் பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தால் லேத்தில் கொடுத்து முகம் எடுக்கலாம். ஆழமான வெடிப்பு இருந்தால் மாற்றத்தான் வேண்டும். கிளட்ச் தூசியை ஏர் அடித்துப் பறக்கவிட வேண்டாம். பழைய லைனிங்குகளில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பட்டறையில் வேலை பழகும் நம் பிள்ளைகள்தாம் அதை முதலில் சுவாசிக்கிறார்கள். ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

மாட்டிய பிறகு முதல் 500 முதல் 800 கிலோமீட்டர் வரை பாரம் இழுக்காமல் ஓட்டினால், பிளேட் சீராகப் பொருந்தும். பிறகு எப்போதும் முதல் கியரில் கிளம்புங்கள். ஓடும்போது பெடலில் காலை ஓய்வாக வைக்காதீர்கள்.

இது அமானிதம்

மெக்கானிக் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. வண்டிக்காரருக்கு கியர் பாக்ஸுக்குள் நடப்பது தெரியாது. உங்கள் சொல்லை நம்பியே பணம் தருகிறார். குறையை மறைத்து விற்பது மார்க்கம் தடுத்த செயல். அளவையில் மோசம் செய்வோரைக் கண்டிக்கத் திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயமே (அல் முதஃப்பிஃபீன், 83) இறங்கியிருக்கிறது. கழற்றிய பழைய பாகங்களை வண்டிக்காரரிடம் காட்டிக் கையில் கொடுத்துவிடுங்கள்.

வண்டிப் பழுதுக்கு வட்டியில்லாக் கடன் கேட்டு வரும் சகோதரர்கள் என்ன பழுது, ஏன் வந்தது, எந்தச் செட் வாங்கப் போகிறீர்கள், கூலி எவ்வளவு என்ற நான்கையும் மெக்கானிக்கிடம் ஒரு தாளில் எழுதி வாங்கி வாருங்கள். பைத்துல்மால் பணம் பல ஏழைகளின் பங்கு. ஒரே பழுதுக்கு அது இரண்டு முறை போகாமல் இருந்தால், இன்ஷா அல்லாஹ், இன்னொரு குடும்பத்தின் வண்டியும் ஓடும்.