நடுவர் நாற்காலி

கோர்ட் ஜெபர்சன் இயக்கி 2023இல் வெளிவந்த 'அமெரிக்கன் பிக்சன்' என்னும் அங்கதத் திரைப்படத்தை அண்மையிற் கண்டேன். பேர்சிவல் எவெரெட் 2001இல் எழுதிய நாவலைத் தழுவியது அது. கிரேக்க நாடகங்களில் தோய்ந்த கறுப்பினப் பேராசிரியர் ஒருவரின் நூலை, அதிற் கறுப்பினத்தார்க்குரிய தன்மை போதாது என்று பதிப்பாளர் புறக்கணிக்கின்றனர். வெகுண்ட அவர், துப்பாக்கியும் கொச்சைமொழியும் மலிந்த போலிக்கதை ஒன்றைப் புனைபெயரிற் கேலியாக எழுதிவிட, அதற்குப் பெரும்பணம் வந்து சேர்கிறது. பரிசுக்குழுவிலும் அவர் ஒரு நடுவர்! நடுவர் ஐவருள் கறுப்பினத்தார் இருவரும் அந்நூல் வேண்டாம் என்கின்றனர். கறுப்பினத்தார் குரலுக்குச் செவிகொடுக்கவேண்டிய காலம் இது என்று சொல்லியே வெள்ளையர் மூவரும் அதற்குப் பரிசளிக்கின்றனர்.

அவ்விடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். பின்னர்ச் சிறிது நாணினேன். அத்தகைய நாற்காலியில் எம் பண்டித மரபினரும் யாழ்ப்பாணத்தில் அமர்ந்திருந்தனர் அன்றோ?

கஸ்தூரியார் வீதியிலே சலூன் தொழில் செய்த டொமினிக் ஜீவா எழுதிய 'தண்ணீரும் கண்ணீரும்' என்னும் சிறுகதைத் தொகுதி, 1961இல் இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட மக்கள் தாம் பேசும் மொழியிலேயே கதைக்குள் வந்து நின்றனர். ஜீவா, கே. டானியல் முதலியோரின் எழுத்தைக் கண்ட மரபுவாதிகள் அதனை 'இழிசனர் இலக்கியம்' என்றனர். மரபுப் போராட்டம் என இலக்கிய வரலாறு குறிக்கும் பெருவிவாதம் மூண்டது.

வழக்கு உயர்ந்தோரைச் சார்ந்தது என்னும் மரபியற் சூத்திரத்தை யானும் ஆண்டுதோறும் வகுப்பிற் கற்பிக்கிறேன். உயர்ந்தோர் என்பதற்கு அறிவால் உயர்ந்தோர் எனப் பொருள்கொள்ள நல்ல இடமிருக்க, அதனைப் பிறப்புக்கு அரணாக்கியது எம்மவர் செய்த பிழை. இலக்கணத்தின் பிழை அன்று. காவலுக்கு வைத்த கோலைக் கொண்டு விருந்தினரை அடித்தோம்.

அமெரிக்கப் பதிப்பாளர் கதவைத் திறக்கின்றனர். ஆயின், உன் துயரத்தை மட்டும் சுமந்துகொண்டு வா என்கின்றனர். எம்மவரோ கதவையே சாத்தினர். டானியலின் 'பஞ்சமர்' 1972இல் வெளிவந்தது. அதனை முன்னோடி நாவலெனப் பாராட்டுவோர் இன்று பலர். அப்பாராட்டு நியாயமே. எனினும், ஒடுக்கப்பட்டோர் குடியிற் பிறந்த இளைஞன் ஒருவன் நிலவைப் பற்றியோ கணிதத்தைப் பற்றியோ எழுதிவந்தால் அதே ஆவலோடு வாங்கிப் படிப்போமா என்பது எனக்கு ஐயமே.

ஜீவா அவ்வேலிக்குள் அடங்கவில்லை. 1966இல் அவர் தொடங்கிய 'மல்லிகை' இதழிற் சிங்களச் சிறுகதைகள் தமிழாகி வந்தன. பல துறைச் சான்றோரின் உருவங்கள் அட்டையை அணிசெய்தன. அவ்விதழைத் தாமே கையிற் சுமந்து தெருவில் விற்றார். 2021இல் மறைந்தார்.

படம் பார்த்த மறுநாட் காலை, மாணவி ஒருத்தி எழுதித் தந்த கதையை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். கச்சாய்ப் பக்கத்துப் பேச்சுமொழியில் அமைந்த கதை. 'வழுஉ' என்று பதினொரு சொற்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தேன். அவற்றுள் ஒன்பது, அவள் பாட்டியின் வாயிலிருந்து வரும் சொற்கள். அத்தாளை இன்னும் அவளிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.