தாழ்விளை தேயிலை

இலங்கைத் தேயிலையை, அதனை ஆக்கும் ஆலை கடல்மட்டத்திற்கு மேல் எவ்வளவு உயரத்தில் அமைந்துள்ளது என்பதைக் கொண்டு மூவகைப்படுத்துவது வணிக வழக்கு. 600 மீட்டர் வரையில் ஆவது தாழ்விளை. 600 முதல் 1,200 மீட்டர் வரை இடைவிளை. அதற்கும் மேற்பட்டது உயர்விளை. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் அடங்கிய சபரகமுவத் தோட்டங்களின் தேயிலையில் பெரும்பகுதி தாழ்விளையே. ஆங்கிலேயர் இரு சொற்களை இணைத்து ஆக்கிய 'low-grown' என்னும் அடைமொழியைத் தமிழ் ஒரு வினைத்தொகையாகவே இயல்பாய்த் தாங்குகிறது.

ஈண்டுத் 'தாழ்' என்பது நிலத்தின் உயரத்தைச் சுட்டுமேயன்றித் தேயிலையின் மதிப்பைச் சுட்டாது. உயரம் தேயிலையை ஆள்வது பெரிதும் வெப்பநிலை வழியாகவே. 1,000 மீட்டர் ஏறுந்தோறும் காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும் என்பது பொதுநெறி. தாழ்நிலத்து இரத்தினபுரியின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 27 பாகை. 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் அது ஏறத்தாழ 16 பாகை. நெறி கூறும் கணக்கும் நிலம் காட்டும் அளவும் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன.

குளிர்ந்த உயர்நிலத்தில் கொழுந்து மெல்ல வளர்ந்து மணப்பொருள்களைத் திரட்டுகிறது. வெம்மையும் தென்மேற்குப் பருவமழையும் கூடிய தாழ்நிலத்தில் அது விரைந்து தழைக்கிறது. பறித்த கொழுந்தை வாட்டி உருட்டுகையில் இலையின் கண்ணறைகள் உடைகின்றன; அவற்றுள் பிரிந்திருந்த துவர்ப்பொருள்களும் நொதிகளும் கலக்க, துவர்ப்பொருள்கள் காற்றிலுள்ள உயிர்வளியோடு வினைபுரிகின்றன. இவ்வுயிர்வளியேற்றத்தில் தோன்றும் பொன்மஞ்சள் நிறமிகள் சாற்றுக்கு ஒளியையும், செம்பழுப்பு நிறமிகள் செறிவையும் தருகின்றன. வெம்மை மிகின் இம்மாற்றம் விரையும். ஆதலின் தாழ்நில ஆலைகளில் உருட்டலுக்கும் உலர்த்தலுக்கும் இடைப்பட்ட பொழுதைக் கருத்தோடு அளந்து காக்க வேண்டும். இவ்வாறு பிறக்கும் தாழ்விளை தேயிலை கரிய இலையும், செறிந்த நிறமும், அழுத்தமான சுவையும் உடையது. மேற்காசிய நாடுகள் அதனை விரும்பி வாங்குகின்றன. இலங்கையின் தேயிலை ஆக்கத்தில் பாதிக்கு மேற்பட்டதும் அதுவே.

கொழுந்து, வாட்டல், உருட்டல், உலர்த்தல் என இத்தொழிலின் படிகளுக்குத் தமிழில் சொற்கள் உள. அவற்றின் அறிவியலுக்கு வேண்டும் நொதி, நிறமி, கண்ணறை, உயிர்வளி என்பனவும் உள. சபரகமுவத் தோட்டப் பள்ளிகளில் அறிவியல் கற்பிப்போர், வெப்பநிலையையும் உயிர்வளியேற்றத்தையும் மாணவர் நாள்தோறும் காணும் தேயிலையிலிருந்தே, அவர்தம் தாய்மொழியிலேயே விளக்கத் தொடங்குவாராக.