விழா நாளிலும் அழுவதற்கு ஓர் இடம்



'நல்ல நாளும் பெருநாளுமாக அழலாமா?' என்று துயருறுவோரை நாம் அடக்குவதுண்டு. நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இச்சொல், அவர்களது தனிமையையே பெருக்குகின்றது. மகிழ்ச்சியைக் கட்டளையாகவே கடைப்பிடிக்கும் யூத மக்களின் வழக்கம் இதுபற்றி நமக்குக் கற்பிப்பது அதிகம்.

அறுவடையின் நிறைவில் வரும் ஏழு நாள் கூடார விழாவை அவர்கள் 'நமது மகிழ்ச்சியின் காலம்' என அழைப்பர். ஆண்டவர் இயேசுவும் இவ்விழாவுக்காக எருசலேம் சென்றதை யோவான் நற்செய்தி 7ஆம் அதிகாரம் காட்டுகின்றது. இறந்தவருக்காக வீட்டில் அமர்ந்து காக்கும் ஏழு நாள் துக்கம், இவ்விழா தொடங்கியதும் நிறைவுக்கு வந்துவிடும். விழாவின் நடுவே அடக்கம் நிகழ்ந்தால், அத்துக்கம் விழா முடியும்வரை ஒத்திவைக்கப்படும்.

துக்கத்தின் சடங்கைச் சட்டம் நிறுத்தலாம். நெஞ்சின் நோவை நிறுத்த இயலுமா? இயலாது என்பதை அறிந்தே, விழாவின் உள்ளேயே கண்ணீருக்கு இடம் வகுத்தனர். வாழ்வின் நிலையாமையைப் பேசும் சபை உரையாளர் நூலைப் பல தொழுகைக் கூடங்களில் கூடார விழாவின் ஓய்வுநாளில் வாசிக்கின்றனர். ஏழு நாள்களை அடுத்துவரும் எட்டாம் நாளில், இறந்தோரைப் பெயர் சொல்லி நினைவுகூரும் 'இஸ்கோர்' மன்றாட்டைச் செபிக்கின்றனர். 'அவர் நினைவுகூர்வாராக' என்பது அதன் பொருள். பாஸ்கா உணவிலும் கசப்புக் கீரையும், கண்ணீரைக் குறிக்கும் உப்புநீரும் இடம்பெறுகின்றன.

2023 ஒக்டோபர் 7 தாக்குதல் அந்த எட்டாம் நாளிலேயே நிகழ்ந்தது. அதனால் இஸ்ரயேலின் பல குடும்பங்களுக்கு அப்பெருநாள் இழப்பின் நாளுமாயிற்று. தொடர்ந்த போரில் காஸாவின் எண்ணற்ற இல்லங்களும் துயரில் ஆழ்ந்தன. 2019 ஏப்ரல் 21இல் உயிர்ப்பு ஞாயிறன்று உறவுகளை இழந்த நம் நாட்டு மக்களுக்கு இந்த நோவு அந்நியமானதன்று.

விழாவில் யாரோடு சேர்ந்து மகிழவேண்டும் என்பதையும் இணைச்சட்ட நூல் 16ஆம் அதிகாரத்தில் குறிப்பிடுகின்றது: பிள்ளைகள், வேலையாள்கள் ஆகியோருடன் அந்நியரும் அநாதையரும் கைம்பெண்களும் அதில் உள்ளனர். 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிதேசு இன்னும் கடுமையாகவே எழுதினார். ஏழைகளையும் மனம் கசந்தோரையும் புறத்தே விட்டு, கதவை அடைத்துக்கொண்டு தன் குடும்பத்தோடு மட்டும் விருந்துண்பவரின் மகிழ்ச்சி, கடவுள் விரும்பும் மகிழ்ச்சியன்று; அது அவரது வயிற்றின் மகிழ்ச்சியே என்பது அவர் தீர்ப்பு.

பாபிலோனிலிருந்து திரும்பியோர் எருசலேமில் மீண்டும் ஆலயத்திற்கு அடித்தளமிட்ட நாளை நினைத்துப் பாருங்கள். இளையோர் ஆர்ப்பரித்தனர், பழைய ஆலயத்தைக் கண்டிருந்த முதியோர் உரக்க அழுதனர். எது மகிழ்ச்சியொலி, எது அழுகையொலி எனப் பிரித்தறிய இயலவில்லை என்கிறது எஸ்ரா நூல். அழுதவர்களை எவரும் வெளியேற்றியதாக அங்கே எழுதப்படவில்லை.

வருகின்ற பெருநாளில் உங்கள் அயலில் வெறுமையான நாற்காலியைப் பார்த்தபடி உணவருந்தும் ஒருவர் இருப்பார். அவரை உங்கள் பந்திக்கு அழையுங்கள். மறைந்தவரின் பெயரைச் சொல்லத் தயங்காதீர்கள். அவர் அழுதால் அழவிடுங்கள். இலாசரின் கல்லறையருகே கண்ணீர் விட்ட நம் ஆண்டவர் அப்பந்தியில் உடனிருப்பார்.