அடக்கச் செலவும் சொற்பொருளும்: இங்கிலாந்துப் பங்குப் பதிவேடுகளை முன்வைத்து

பழைய ஆவணங்களை மொழிபெயர்ப்போர்க்கு அருஞ்சொற்களைவிடப் பழகிய சொற்களே மிகுதியும் இடர் தருவன. இங்கிலாந்தின் திருச்சபைப் பங்குகளுக்குரிய அடக்கப் பதிவேடுகளும் கணக்குகளும் இதற்குத் தக்க சான்றுகளாகும். அவற்றில் இறப்பையோ வறுமையையோ குறிப்பனபோல் தோன்றுவன சில, உண்மையில் செலவைக் குறிப்பன. அத்தகைய மூன்றனை இங்குக் காணலாம்.

முதலாவது 'மார்ச்சுவரி'. இன்று இச்சொல் பிணவறையைக் குறிக்கிறது. இப்பொருள் 19ஆம் நூற்றாண்டில் வழக்கிற்கு வந்தது. அதற்கு முன்னர், இறந்தவரின் உடைமையிலிருந்து பங்குக் குரு வழக்கப்படி பெறும் கால்நடை, ஆடை முதலியவற்றை அது குறித்தது. 1511இல் ரிச்சர்டு ஹன் என்னும் இலண்டன் வணிகர், இறந்த தம் குழந்தையின் துணியை இவ்வாறு தர மறுத்தார். வழக்கு வளர்ந்தது, 1514இல் அவர் ஆயரின் சிறையில் இறந்து கிடந்தார். 1529ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வுரிமையைப் பணமாக வரையறுத்தது. அசையும் சொத்து 10 மார்க்குக்குக் குறைந்தோர் ஏதும் தரவேண்டியதில்லை. உச்ச அளவு 10 ஷில்லிங். இச்சொல்லைக் 'காணிக்கை' எனப் பெயர்த்தலும் பொருந்தாது. காணிக்கை மனமுவந்து தருவது. வரியைக் குறிக்கும் பழஞ்சொல்லைக் கொண்டு 'இறப்பிறை' எனலாம்.

இரண்டாவது, உறுதிமொழி ஆவணத்தைச் சுட்டும் 'அஃபிடவிட்'. உள்நாட்டுக் கம்பளித் தொழிலைக் காக்கும்பொருட்டு, இறந்தோரைக் கம்பளியிலேயே பொதிந்து அடக்கவேண்டும் என்னும் சட்டம் 1678 ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாறு செய்தமைக்கு 8 நாள்களுக்குள் உறுதிமொழி அளிக்கவேண்டும். மீறினால் 5 பவுண்டு தண்டம். அதில் பாதி தகவல் தந்தவர்க்கும் பாதி பங்கின் ஏழைகளுக்கும் உரியது. லினன் துணியை விரும்பிய செல்வர் சிலர், தம்மவரைக்கொண்டே தகவல் தந்து பாதித் தொகையை மீட்டுக்கொண்டனர். எனவே பதிவேட்டில் 'தண்டம்' என்பது குற்றத்தைவிட வசதியையே காட்டக்கூடும். இச்சட்டம் 1814இல் நீக்கப்பட்டது.

மூன்றாவது, பெயருக்கு அருகே வரும் 'பி' என்னும் ஓரெழுத்து. 1783 முதல் 1794 வரை ஒவ்வோர் அடக்கப் பதிவிற்கும் 3 பென்னி வரி விதிக்கப்பட்டது. வறியோர்க்கு விலக்கு உண்டு. அவ்விலக்கின் குறியே இவ்வெழுத்து. இதனை 'பரதேசி', 'பிச்சைக்காரர்' என்றெல்லாம் பெயர்த்தால், கணக்குக் குறிப்பு வசைச்சொல்லாகிவிடும். இக்குறி மிகுந்திருப்பதை மட்டும் கொண்டு வறுமை மிகுந்ததென முடிவுசெய்தலும் தவறு.

சொல்லின் அகராதிப் பொருளுக்கு முன், அது எச்சட்டத்தின்கீழ், எத்தொகையை ஒட்டி எழுதப்பட்டது என்பதை மொழிபெயர்ப்பாளர் நோக்கவேண்டும். பதிவேட்டின் ஒரு வரியன்றி வேறு சுவடு இல்லாதோர் பலர். அவ்வரியைப் பிழைபட மொழிபெயர்த்தால், அவர்களைப் பற்றி எஞ்சியுள்ள ஒரே செய்தியும் பொய்யாகும்.