டீக்கடையிலும் வை-ஃபை: பெங்களூரு காட்டிய வழியும் கட்டணத் தடையும்

பெங்களூரு: இரண்டு ரூபாய் கொடுத்தால் 100 எம்.பி. இணையம். பெங்களூருவின் டீக்கடைகளிலும் பேக்கரிகளிலும் 2017-ஆம் ஆண்டில் "வைஃபை டப்பா" என்ற இளம் நிறுவனம் இப்படித்தான் வியாபாரம் செய்தது. கடைக்காரர் டோக்கன் விற்பார். வாடிக்கையாளர் தமது செல்போனில் இணைப்பைப் பெறுவார். ஒரு சிறு பெட்டி, ஒரு இணைய இணைப்பு, கொஞ்சம் மின்சாரம். கடைக்காரருக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான்.

இந்நகரத்துக்குக் கம்பியில்லா இணையம் அப்போது புதிதல்ல. மகாத்மா காந்தி சாலை உள்ளிட்ட சில இடங்களில் "நம்ம வை-ஃபை" என்ற இலவசத் திட்டத்தை 2014 ஜனவரியிலேயே கர்நாடக அரசு தொடங்கியிருந்தது. ஆனால் அரசு இலவசமாக அளிப்பது வேறு, கடைக்காரர் அதைத் தொழிலாக நடத்துவது வேறு.

இத்தகைய தொழிலுக்கு வழி திறந்தது 2005-ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இன்றி யாரும் பயன்படுத்தலாம் என அது அனுமதித்தது. உரிமம் வேண்டாம் என்பதாலேயே அங்கு நெரிசலும் அதிகம். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே மூன்றுதான் (1, 6, 11). புளூடூத் கருவிகளும் மைக்ரோவேவ் அடுப்புகளும் அதே பகுதியில்தான் இயங்குகின்றன. சிக்பேட்டை போலக் கடைகள் நெருங்கிய தெருவில் ஆளுக்கொரு பெட்டி வைத்தால், வேகம் குறைவதற்கு இணைய நிறுவனத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு 2018 அக்டோபரில் உரிம விலக்கு கிடைத்தது. அங்கு தடங்கள் அதிகம். ஆனால் சுவரைத் தாண்டும் திறன் குறைவு.

வணிகர்கள் அலட்சியப்படுத்தக் கூடாத மற்றொன்று பாதுகாப்பு. 2008 ஜூலை 25-ல் பெங்களூருவில் தொடர் குண்டுவெடிப்பு நிகழ்ந்தது. மறுநாள் ஆமதாபாதில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு மின்னஞ்சல் மிரட்டல் வந்தது. அது நவி மும்பையில் ஒருவரது வீட்டிலிருந்த, பாதுகாப்பற்ற வை-ஃபை இணைப்பு வழியாக அனுப்பப்பட்டது என விசாரணையில் தெரியவந்தது. இதையடுத்து, வை-ஃபை பயன்படுத்துவோரின் அடையாளத்தை உறுதி செய்யுமாறு இணைய சேவை நிறுவனங்களுக்குத் தொலைத்தொடர்புத் துறை 2009-ல் அறிவுறுத்தியது. கடையின் பில் கணினியும் அட்டை தேய்க்கும் கருவியும் ஒரு வலையிலும், வாடிக்கையாளர்கள் வேறொரு வலையிலும் இருக்க வேண்டும். "வெப்" எனப்படும் பழைய பாதுகாப்பு முறையின் ஓட்டைகள் 2001-லேயே வெளிப்பட்டுவிட்டன, டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது 3 முறையே ஏற்றது.

சிறு கடைகள் மூலம் இணையம் விற்கும் யோசனையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) 2017-ல் சோதனை முறையில் முயன்று பார்த்தது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை "பி.எம். வாணி" திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. இதன்படி "பொது தரவு அலுவலகம்" நடத்தும் கடைக்காரருக்கு உரிமமோ பதிவோ கட்டணமோ தேவையில்லை. பயனாளரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் பொறுப்பும் செயலி நிறுவனங்களிடம் விடப்பட்டது.

இவ்வளவு தளர்த்தியும் திட்டம் வேகம் பிடிக்கவில்லை. 2022-க்குள் ஒரு கோடி பொது வை-ஃபை மையங்கள் என்பது 2018 தேசியக் கொள்கையின் இலக்கு. 2024 இறுதியில் வாணி மையங்கள் சுமார் 2.5 லட்சம்தான்.

காரணம் தொழில்நுட்பம் அல்ல, விலை. வீடுகளுக்கு வழங்கும் சாதாரண பிராட்பேண்ட் இணைப்பைக் கடைக்காரர்களுக்குத் தராமல், வாடகைத் தனிவழி இணைப்பையே வாங்குமாறு நிறுவனங்கள் வற்புறுத்துவதாகப் புகார் எழுந்தது. அதன் செலவு சாதாரண இணைப்பைப் போல் 40 முதல் 80 மடங்கு வரை இருப்பதை டிராய் சுட்டிக்காட்டியது. ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் இணையம் விற்கும் கடைக்காரர் இதை எப்படி ஈடுகட்டுவார்?

தங்கள் இணைப்பை மறுவிற்பனைக்கு மலிவாகத் தர முடியாது என்பது நிறுவனங்களின் வாதம். இரு தரப்பையும் கேட்ட டிராய், 2025 ஜூனில் கட்டண ஆணை பிறப்பித்தது. அதன்படி, விநாடிக்கு 200 மெகாபிட் வரையிலான வீட்டு இணைப்புத் திட்டங்கள் அனைத்தையும் வாணி கடைக்காரர்களுக்கும் வழங்க வேண்டும். கட்டணம் சாதாரண வாடிக்கையாளருக்கு உள்ளதைப் போல் இரு மடங்கைத் தாண்டக் கூடாது. அதற்கு மேற்பட்ட வேகத்துக்கு இந்த வரம்பு பொருந்தாது.