கைத்திறனின் கைமாற்றம்: ஓய்வுபெற்ற திரைத்தொழிலாளரும் இளந்தலைமுறையும்

கலைகள் யாவும் உழைப்பின் வெளிப்பாடுகளே. எனினும் சினிமா, கருவிகளையும் கூட்டுழைப்பையும் ஆதாரமாகக் கொண்டமையால் ஏனைய கலைகளினின்றும் வேறுபடுவது. அதன் தொழிலறிவிற் பெரும்பகுதி நூல்களிலன்றித் தொழில் செய்வோரின் கைகளிலும் கண்களிலுமே தங்கியுள்ளது. பள்ளிவாசல்துறை போன்ற கற்பிட்டிக் கரையூர்களிலே, கரைவலை இழுக்கும் இளைஞன் முதியோரின் அருகில் நின்றே நீரோட்டத்தை அறிகிறான். ஒளியமைப்பும் படத்தொகுப்பும் அவ்வாறு பயிலப்படுவனவே. எனவே ஓய்வுபெற்ற திரைப்பட, தொலைக்காட்சித் தொழிலாளர் இளைஞரைப் பயிற்றுவிப்பதை வெறும் கொடையாகக் கருதலாகாது. ஒரு சமூகம் தன் உற்பத்தித்திறனை மீண்டும் உருவாக்கிக்கொள்ளும் முறை அது.

முன்னர் இப்பயிற்சி பெரும்பாலும் ஸ்டூடியோக்களிலேயே நிகழ்ந்தது. 1962இல் வெளிவந்த 'சமுதாயம்' முதலாகத் தொடங்கும் இலங்கைத் தமிழ்ச் சினிமாவுக்கோ நிலையான தொழிற்களம் வாய்க்கவில்லை. 1983 யூலை வன்செயலின்போது கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ தீக்கிரையாயிற்று. எரிந்தவை கட்டடமும் படச்சுருளும் மாத்திரமல்ல. தொழில் பயில்வதற்கான களமும் அத்துடன் அழிந்தது.

இப்பின்னணியில் பாலு மகேந்திராவின் முயற்சி மனங்கொள்ளத்தக்கது. மட்டக்களப்பு அமிர்தகழியில் 1939இற் பிறந்த அவர், பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று இந்தியாவிலேயே தொழிற்பட்டார். தொலைக்காட்சிக்கெனச் சிறுகதைகளைக் 'கதை நேரம்' என்னுந் தொடராக ஆக்கிய அவர், முதிய வயதிற் சென்னையிலே 'சினிமாப் பட்டறை'யை நிறுவினார். பட்டறை என்னும் பெயரே பொருள் பொதிந்தது. கொல்லன் பட்டறையிற் போல, அருகிலிருந்து செய்து பழகும் கல்வியை அது குறிக்கின்றது. அவரிடம் உதவியாளராயிருந்த பாலா, வெற்றிமாறன் முதலியோர் இக்கைமாற்றத்தின் பயனை மெய்ப்பித்தனர். அவரது 'வீடு' திரைப்படத்தின் மூலப்படச்சுருள்கூட எஞ்சவில்லை. அவர் கற்பித்த தொழிலோ மாணவர் கைகளில் எஞ்சியது.

ஆயினும் இம்முறைக்கு இரு எல்லைகள் உண்டு. ஒன்று, தனிமனிதரைச் சார்ந்த கல்வி அவரது ஆயுளோடு கட்டுண்டது. பாலு மகேந்திரா 2014இற் காலமானார். மற்றையது வர்க்கம் சார்ந்தது. போதிய ஊதியமின்றிப் பல்லாண்டு உதவியாளனாய்க் காத்திருக்க வல்லவனுக்கே இக்கல்வி எட்டும். அன்றாடப் பிடியில் வாழும் மீனவக் குடும்பத்து இளைஞன் எவ்வாறு காத்திருப்பான்?

தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாண வளாகத்தில் ஆசிரியராயிருந்த காலத்திற் 'பொன்மணி'யை (1977) உருவாக்கினார். கற்பிட்டிக் கரையோர மீனவர் வாழ்வு, அவரது 'பம்பரு அவித்' (1978) என்னும் சிங்களத் திரைப்படத்தின் களமாயிற்று. ஆனால் படப்பிடிப்பு முடிந்ததும் கருவிகளோடு தொழிலறிவும் தலைநகர் திரும்புவதே இத்தொழிலின் இயல்பு. கரையோர மக்கள் காட்சிப்பொருளாக நின்றுவிடுகின்றனர். காட்சியை ஆக்குவோராக மாறுவதில்லை.

இன்று கைத்தொலைபேசியிலேயே கமெரா உண்டு. கருவி எளிதாயிற்று, கற்பிப்போரே அரியர். 1982இல் ரூபவாஹினி தொடங்கியபோது தொழிலிற் சேர்ந்தவர்கள் இப்போது ஓய்வுபெறும் வயதைக் கடந்துவிட்டனர். அவர்தம் அறிவு அவர்களோடு மறையுமுன், பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் அவர்களைக் கரையோரப் பாடசாலைகளுக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். கற்பிப்போருக்கு மதிப்பூதியமும் கற்போருக்கு உதவிப்பணமும் வழங்கப்படல் அவசியம். அவ்வாறன்றேல் இக்கலை வசதி படைத்தோரின் உடைமையாகவே தொடரும்.